இந்த வாரம் முருங்கை இல்லைங்க்கா

முருங்கைக்காயில் ஒரு துண்டுப் பேப்பர் ஒட்டியிருந்தது. மார்கழி மாதம், சனிக்கிழமை காலை, வாராவாரம் வீட்டுக்கு வருகிற காய்ப் பெட்டியைப் பிரித்துக் காய்களைத் தாம்பாளத்தில் பரப்பிக்கொண்டிருந்தேன். ஈரத்தில் ஒட்டிக் காய்ந்துபோன நியூஸ்பேப்பர், கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். எழுத்து பார்க்க இந்தி மாதிரி இருந்தது, ஆனால் மேலே போடுகிற அந்தக் கோடு இல்லை. வீட்டுக்காரர் ஆறு வருடம் சூரத்தில் வேலை பார்த்தவர். எட்டிப் பார்த்தார், "குஜராத்தி" என்றார், பல் துலக்கப் போய்விட்டார். பெட்டியின் மூடியிலோ நம் கோயம்புத்தூருக்குப் பக்கத்து ஊர் பெயரைப் போட்டுப் பச்சை எழுத்தில் பெரிதாக அச்சடித்திருந்தது: தொண்டாமுத்தூர்த் தோட்டத்திலிருந்து நேராக உங்கள் அடுப்படிக்கு.

குஜராத் முருங்கைக்காய் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நம் பக்கம் முருங்கை மாசி பங்குனியில் ஆரம்பித்துக் காய்த்துத் தள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழை அடித்தால் பூவெல்லாம் உதிர்ந்து காய் அருகிவிடும், அந்த நாட்களில் வடக்கிலிருந்து லாரியில் வருவதைத்தான் மார்க்கெட்டே நம்பியிருக்கும், விலையும் அதற்குத் தகுந்த மாதிரி. சாம்பாரில் போட்டால் அதுவும் மணக்கத்தான் செய்கிறது. என் வயிற்றெரிச்சல் எல்லாம் அந்த மூடி மேல். வாரம் 750 ரூபாய் வீதம் எட்டு மாதமாக நான் காசு கொடுத்தது அந்த மூடியில் இருந்த வாக்கியத்துக்குத்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. தோட்டத்துக் காயை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்களாமே, யாரிடம் வாங்குகிறாய் என்று ஆபீஸில் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது.

முதலில் ஒன்று. உழவர் சந்தைக்குப் போக முடிகிறவர்கள் இதை இத்தோடு நிறுத்திவிட்டுச் சந்தைக்கே போங்கள். 1999 நவம்பரில் மதுரையில் முதல் சந்தையைத் திறந்தார்கள், அப்புறம் தமிழ்நாடு முழுக்க வந்தது, கோயம்புத்தூரில் ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், வடவள்ளி என்று நமக்கே பல இருக்கின்றன. அடையாள அட்டை வைத்திருக்கிற விவசாயி தன் காயைத் தானே விற்கிறார், கமிஷன் கிடையாது, தராசைச் சந்தையிலேயே தருகிறார்கள். மொத்த விலையைவிட ஒரு 20 சதவீதம் கூடவும் சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறையவும் இருக்கிற மாதிரி தினமும் விலை வைத்துப் போர்டில் எழுதுவார்கள். அம்மா சிங்காநல்லூரில் இருந்தவரை எங்களுக்கு வேறு கடையே தெரியாது. விடிவதற்கு முன்னாலேயே ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். முழங்கால் தேய்ந்து எங்களோடு சரவணம்பட்டிக்கு வந்த பிறகு அது நின்றது. எங்கள் இரண்டு பேருக்கும் வேலை, மகளுக்கு ஏழரைக்கு ஸ்கூல் வேன். எட்டரை மணிக்கு மேல் சந்தைக்குப் போனால் அடிக்கூடையில் கிடப்பதுதான் கிடைக்கும்.

அம்மா காய் வாங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் வீட்டுக்கு வரவழைப்பதில் என்ன போகிறது என்று புரியும். வெண்டைக்காயின் நுனியை ஒடிப்பாள், டக்கென்று ஒடிந்தால்தான் கூடையில் விழும், வளைந்தால் மறுபடி குவியலுக்கே போகும். முருங்கையை லேசாக முறுக்கிப் பார்ப்பாள். சுரைக்காயில் கடைக்காரர் பார்க்காத நேரமாகப் பார்த்து நகத்தை வைத்து அழுத்துவாள், நகம் இறங்கினால் பிஞ்சு. கத்தரிக்காய்க்குக் காம்பு பச்சையாக இருக்கவேண்டும், கோஸ் கையில் கனக்கவேண்டும், கீரையில் வேர் மண்ணோடு ஈரமாக இருக்கவேண்டும். இந்தக் கையைத்தான் நாம் இன்னொருவரிடம் ஒப்படைக்கிறோம். எனவே எந்தக் கம்பெனி என்று பார்ப்பதைவிட, நமக்காகப் பொறுக்கி எடுக்கிற அந்தக் கை யாருடையது, அது எங்கே நின்றுகொண்டு பொறுக்குகிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும். தோட்டத்தில் நிற்கிறதா, மண்டியில் நிற்கிறதா?

பத்து நிமிடத்தில் கொண்டு வருகிற ஆப்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரசம் கொதிக்கும்போது கொத்தமல்லி இல்லையென்றால் நானும் அதில்தான் தட்டுகிறேன். யார் விளைவித்தது என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. தொண்டாமுத்தூர் என்று மூடியில் அடிப்பதில்லை, அந்த மட்டுக்கும் ஒரு கும்பிடு.

சிக்கல் எல்லாம் நடுவில் இருக்கிறவர்களிடம்தான். பண்ணை, இயற்கை, பாரம்பரியம் என்று பேசுகிறவர்கள். எனக்குப் பெட்டி அனுப்பியவர்களுடைய பட்டியலில் வருடம் முழுக்க ஐம்பதுக்கு மேல் காய்கள் இருந்தன. சித்திரை வெயிலில் பச்சைப் பட்டாணி, ஐப்பசி மழையில் மாங்காய், எதைக் கேட்டாலும் உண்டு. அப்போது அது எனக்கு வசதியாகத் தெரிந்தது. இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது, ஒரு தோட்டத்தில் எப்படி எப்போதும் எல்லாமும் இருக்கும்? முருங்கை விவகாரத்துக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் கேட்டேன். "சில காய்கள் பார்ட்னர் பண்ணைகளிலிருந்து வரும் மேம்" என்று பதில் வந்தது. எந்தப் பண்ணை என்று கேட்டேன். இரண்டு நீல டிக். அவ்வளவுதான்.

சான்றிதழ் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, நானும் அதைப் பார்த்துவிட்டுத்தான் சேர்ந்தேன், முதல் பக்கத்தை மட்டும். யாராவது உங்களுக்குச் சான்றிதழ் அனுப்பினால் முதல் பக்கத்தை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கிற இணைப்புப் பக்கத்தைப் பாருங்கள். எந்தப் பயிர், எவ்வளவு பரப்பு, எந்தத் தேதி வரைக்கும் என்று அதில்தான் இருக்கும். என் பெட்டிக்காரர்களுடைய இணைப்பில் இருந்தது நெல்லும் எள்ளும். காய்கறி ஒன்றுகூட இல்லை. நம் மாநிலத்துக்கென்று அங்ககச் (அதாவது ஆர்கானிக்) சான்றளிப்புத் துறை 2007 முதல் இருக்கிறது, தலைமையிடம் நம் கோயம்புத்தூர்தான். இது போக பிஜிஎஸ் என்று ஒரு முறை உண்டு. அதில் குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்த்து உறுதி சொல்கிறார்கள். ரசாயனத்தை விட்டு மாறிக்கொண்டிருக்கிற காலத்துக்குப் 'பச்சை' என்று ஒரு படி, முழுதாக மாறிய பிறகு 'ஆர்கானிக்' என்று அடுத்த படி. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017 விதிகளிலேயே, விளைவித்த சிறு விவசாயி தானே நேரடியாக நம்மிடம் விற்றால் சான்று தேவையில்லை என்று விலக்கும் கொடுத்திருக்கிறார்கள், ஆர்கானிக் உணவுக்கான ஜைவிக் பாரத் முத்திரையை மட்டும் அவர் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆக, முத்திரை இல்லாதவரெல்லாம் ஏமாற்றுகிறவர் இல்லை, பெட்டி நிறைய முத்திரை குத்தியவரெல்லாம் உத்தமரும் இல்லை.

உள்ளூர் என்கிற வார்த்தையும் நம் ஊரில் கொஞ்சம் வழுக்கும். சென்னைக்காரர்களுக்கு ஊட்டி கேரட் 500 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்த காய், நமக்கு அது மலையிறங்கி மேட்டுப்பாளையம் வந்தால் வீட்டுக் காய். தக்காளிக்குக் கிணத்துக்கடவு இருக்கிறது, பந்தல் காய்க்குத் தொண்டாமுத்தூர், தேங்காய்க்குப் பொள்ளாச்சி. பெரிய வெங்காயம் பெரும்பாலும் வெளியூர்தான், அதைத் தோட்டத்து வெங்காயம் என்று யாராவது விற்றால் எந்தத் தோட்டம் என்று கேளுங்கள். ஆனால் கிலோமீட்டரை மட்டும் வைத்து முடிவு செய்யவும் முடியாது. பக்கத்துத் தோட்டத்துக் காயே மண்டிக்குப் போய், ஏலத்தில் கை மாறி, ஒரு கோடவுனில் இரண்டு நாள் கிடந்துவிட்டு வந்தால் அதை உள்ளூர் என்பதில் என்ன இருக்கிறது?

சரி, இப்போது வாங்குகிறவர்களைப் பற்றி. கூட வேலை பார்க்கிற ஒரு அக்கா வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டார். தொண்டாமுத்தூருக்கும் நரசீபுரத்துக்கும் இடையில் ஆறு குடும்பங்கள், எல்லாம் இரண்டு ஏக்கர் மூன்று ஏக்கர்க்காரர்கள். வெள்ளி சாயங்காலம் பட்டியல் வரும், சனி மதியத்துக்குள் சொல்லிவிடவேண்டும், ஞாயிறு விடியும்போது பறித்துப் பதினொரு மணிக்குள் எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு வீட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். நாம் போய் எடுத்துக்கொள்ளவேண்டும். எனக்கு வந்த முதல் பட்டியலில் மொத்தமே பதினொரு காய்தான். அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, "இல்லாதது" என்று தலைப்பு வைத்து எழுதியிருந்தார்கள்.

"முருங்கை: இப்பத்தான் பூ விட்டிருக்கு. தக்காளி: நாத்து நட்டு பத்து நாள்தான் ஆச்சு. வாழக்காய்: யானை."

வெறும் 'யானை'. அதற்கு மேல் விளக்கம் இல்லை. படித்துவிட்டு ஆபீஸ் கேன்டீனில் தனியாகச் சிரித்தேன், அன்றைக்கே பணமும் அனுப்பிவிட்டேன். எட்டு மாதம் ஒருவர்கூட என்னிடம் இல்லை என்று சொன்னதில்லை. இவர்கள் எடுத்த எடுப்பிலேயே மூன்று இல்லை சொல்கிறார்கள், அதுவும் மண்டியில் நிற்கிறவனால் யோசித்துச் சொல்ல முடியாத காரணங்களோடு.

அந்த ஆடி மாதம் ஒரு ஞாயிறு மகளையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கே போனோம். வரலாமா என்று கேட்டதற்கு, "வாங்க்கா, காலைல ஆறு மணிக்கு வந்தீங்கன்னா நீங்களே பறிச்சுக்கலாம்" என்றார்கள். சாலையை விட்டு மண் தடத்தில் இறங்கியதும் மலை அப்படியே எதிரில் வந்து நின்றது. பந்தலுக்குக் கீழே குனிந்துதான் போகவேண்டும், பீர்க்கங்காய் தலையில் இடிக்கிறது. ஒவ்வொரு பிஞ்சுப் புடலையின் நுனியிலும் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், நேராக வளரவாம். வரப்பு ஓரமாக, ஒரு சின்ன அண்டா வைக்கிற அளவுக்கு வட்டமாகப் பள்ளம், அதில் தண்ணீர் தேங்கியிருந்தது. யானையின் கால்தடம் என்று தோட்டத்து அண்ணா காட்டினார். மகள் தன் இரண்டு காலையும் அதில் வைத்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். யானைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "யானை வருசத்துக்கு நாலு தடவ வருமுங்க, வந்தா தெரியும். மயிலு தினமும் வருதுங்க. ஒரு தக்காளில ஒரு கொத்து கொத்திட்டு அடுத்ததுக்குப் போயிருமுங்க, முழுசாத் தின்னாலும் பரவால்ல." அவர் மனைவி பேச்சை நிறுத்தாமலே கீரையைப் பிடுங்கி, மண்ணை உதறி, இடுப்பில் செருகியிருந்த வாழைநாரை உருவிக் கட்டினார். ஒரு கட்டுக்கு எத்தனை செடி என்று எண்ணவில்லை. கைப்பிடிதான் அளவு. எங்கள் வீட்டுக்கு வந்த கட்டுகளில் ரப்பர் பேண்ட் இல்லாததற்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது.

விலைதான் எங்கள் வீட்டில் ஓயாத சண்டை. இவர்களிடம் வருடம் முழுக்க ஒரே விலை. தக்காளி 45 ரூபாய் என்றால் 45தான். கிணத்துக்கடவில் விலை விழுந்து, பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டுகிற வாரத்திலும் 45தான். அப்போதெல்லாம் வீட்டுக்காரர் செல்போனில் மார்க்கெட் விலையைக் காட்டி, பத்து ரூபாய்க்குக் கிடைப்பதற்கு நீ 45 கொடுக்கிறாய் என்பார். 2023 ஜூலையில் தக்காளி 100 ரூபாயைத் தாண்டி, சென்னையில் அரசாங்கமே ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றபோது, எங்கள் குரூப்பில் அதே 45 ரூபாய்க்கு வீட்டுக்கு ஒரு கிலோ என்று பிரித்துக் கொடுத்தார்கள். மூன்று வாரம் வந்தது. நாலாவது வாரம் "இல்லாதது" பட்டியலில் ஏறிவிட்டது. அந்த மூன்று வாரமும் வீட்டுக்காரர் செல்போனை எடுக்கவில்லை. கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு எனக்கு லாபமா நஷ்டமா என்று கேட்டால், கொஞ்சம் நஷ்டம்தான். மண்டிக்குப் போனால் நூற்றுக்குப் பத்து கமிஷன், வண்டி வாடகை, சுமைகூலி எல்லாம் போக அவர்கள் கையில் என்ன நிற்கும் என்று தோட்டத்தில் சொல்லக் கேட்டுவிட்டதால் எனக்கு அந்த நஷ்டம் உறுத்தவில்லை. உங்களுக்கு உறுத்தலாம். உறுத்தினால் சேராதீர்கள், பாதியில் விடுவதற்கு அது மேல்.

குறை இல்லாமல் இல்லை. தொடர்ந்து ஐந்து வாரம் சுரைக்காய் வந்ததுண்டு. கத்தரிக்காயில் நாலில் ஒன்றில் புழு இருக்கும், நறுக்கித் தண்ணீரில் போட்டுப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும். மழை பெய்தால் பதினொரு மணி என்பது இரண்டு மணியாகும். ஞாயிற்றுக்கிழமை வெளியூர் போனால் பக்கத்து வீட்டில் சொல்லி வைக்கவேண்டும். கெட்டுப்போன காய்க்குப் பணம் திரும்பி வராது, அடுத்த வாரம் கூட ஒரு கைப்பிடி போட்டு விடுவார்கள். கீரை ஆய்வதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆகும், எங்கள் வீட்டில் அம்மா இருப்பதால் நடக்கிறது. இரண்டு பேரும் வேலைக்குப் போய், வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லையென்றால் இதில் பாதி ஃபிரிட்ஜிலேயே வாடும். அதையும் யோசித்துக்கொண்டு இறங்குங்கள்.

ஆனால் ஒரு புரட்டாசியில் பில்லில் இல்லாத ஒரு கட்டு, நாரில் கட்டி ஓரமாகக் கிடந்தது. என்னவென்று கேட்டதற்கு, "சோளக்காட்டுல களையெடுத்தோமுங்க்கா, பண்ணக்கீர கெடந்துச்சு, போட்டுவுட்டேன்" என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. பண்ணைக்கீரையை யாரும் விதைப்பதில்லை, மழை பெய்தால் காட்டில் தானாக முளைக்கிற களை. எந்த ஆப்பிலும் நான் பார்த்ததில்லை. அம்மா அதைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, வேறு ஒன்றும் பேசாமல் பருப்பை வேகப் போட்டாள். அன்றைக்குக் களியும் கிண்டவேண்டியதாகிவிட்டது. மகள் மட்டும் பிரெட் சாப்பிட்டாள்.

பால், முட்டை பற்றியும் கேட்கிறார்கள். நாட்டு மாட்டுப் பால், ஏ2 பால் என்று இரண்டு மடங்கு விலை சொன்னால் நான் ஒதுங்கிவிடுவேன். 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே ஏ1, ஏ2 என்று போடக்கூடாது என்று சொல்லி ஒரே வாரத்தில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவர்களே குழம்புகிற இடத்தில் எனக்கு என்ன வேலை, எங்களுக்கு ஆவின் போதும். முட்டை பழுப்பாக இருந்தால் நாட்டுக்கோழி என்று அர்த்தமில்லை, பண்ணையில் வளர்க்கிற கோழியிலேயே பழுப்பு முட்டை போடுகிற ரகம் இருக்கிறது. கோழியைப் பார்க்க முடிந்தால் வாங்குங்கள்.

எனவே யாரிடம் சேருவது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, இரண்டு மூன்று பேரிடம் போன் போட்டு, என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், போன வாரம் என்ன இல்லை, ஏன் இல்லை என்று கேளுங்கள். எங்களிடம் எல்லாமே எப்போதும் உண்டு மேம் என்றால் தெரிந்துவிடும். எப்போது பறித்தது, யார் பறித்தது, விற்காமல் மிஞ்சியதை என்ன செய்கிறீர்கள், ஒரு நாள் தோட்டத்துக்கு வரலாமா என்று கேட்டால் மீதியும் தெரிந்துவிடும். முதல் மாதமே மொத்தப் பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். நாலு வாரம் வாங்கிப் பார்த்துவிட்டு, வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இந்த வாரப் பட்டியல் வந்துவிட்டது. கொத்தவரை, பாகல், சின்ன வெங்காயம், தண்டுக்கீரை, வாழைப்பூ. இல்லாதது: அவரை, பூச்சி அடித்துவிட்டதாம். கீழே எனக்குத் தனியாக ஒரு மெசேஜ்: "அக்கா, சொரக்காய் வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க்கா, பறிக்கப் போறோம்." வேண்டாம் என்று தட்டப் போன நேரத்தில் அம்மா எட்டிப் பார்த்து, "ஒன்னு போடச் சொல்லு கண்ணு, தோசைக்கு அரைச்சுக்கலாம்" என்றாள். போடச் சொல்லிவிட்டேன். இரண்டு வரும், பாருங்கள்.